முதலில் நாவலைக் கட்டுங்கள்: வேலையும் வீடும் மாறும்போது துப்பறியும் கதை எழுதுவோருக்கு

குடும்பக் கதையை இரண்டு மாதம் ஓரமாக வைத்துவிட்டு எடுத்தாலும் தொடர்ந்துவிடலாம். ஆட்கள் மனசில் இருப்பார்கள், பேச்சு தானாக வரும். கொலைக் கதை அப்படியல்ல. பதினோராம் அத்தியாயத்தில் வாட்ச்மேன் எந்தக் கதவைப் பூட்டினார், மாற்றுச் சாவி யாரிடம் இருந்தது, அது இன்ஸ்பெக்டருக்குத் தெரியுமா தெரியாதா என்பதெல்லாம் எழுதுகிறவரின் தலையில் மட்டும்தான் இருக்கும். ராஜினாமா, வாடகை வீடு, கேஸ் சிலிண்டர், புது ஆபீஸ் என்று தலை நிறைந்ததும் முதலில் வெளியே விழுவது இதுதான். வேலை மாற்றமும் வீடு மாற்றமும் சேர்ந்து வரும்போது பாதியில் நிற்கும் துப்பறியும் நாவல்கள் பெரும்பாலும் நேரம் இல்லாமல் நிற்பதில்லை. முடிச்சு மறந்து நிற்கின்றன.

அதனால் முதலில் நாவலைக் கட்டி முடியுங்கள், அதாவது தலையில் இருப்பதை நோட்டில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்து வேலைத் தேதிகள், கடைசியில் வீட்டுச் சாமான். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் எழுதிக்கொண்டே பிழைப்பையும் பார்க்கிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம்.

நாவலைக் கட்டுவது எப்படி

ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பே இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள். அந்த நாள்களில் புதிய அத்தியாயம் வேண்டாம். ஒரு நீளக் கோடு போட்ட நோட்டில் ஐந்து விஷயங்களை எழுதி முடிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் வைத்திருந்தாலும் காகிதப் பிரதி ஒன்று கட்டாயம். வீடு மாறும் வாரத்தில் லேப்டாப் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதே தெரியாமல் போகும்.

ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். ஆம்பூர் தோல் வியாபாரி ஒருவர், ஏலகிரியில் வாடகைக்கு எடுத்த வீட்டில் சனிக்கிழமை காலை இறந்துகிடக்கிறார். கொன்றது அவருடைய கணக்குப்பிள்ளை. வெள்ளிக்கிழமை இரவு ரயிலில் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்ததாக அவர் சொல்வது பொய்.

முதல் தாள், நடந்த உண்மை. கொலைகாரன் பக்கத்திலிருந்து, அவன் முடிவெடுத்த நாள் தொடங்கி பிடிபடும் நாள் வரை, தேதி வாரியாக ஒரே பக்கம். வர்ணனை வேண்டாம். ஒரு பக்கத்தில் அடங்காவிட்டால் சதி உங்களுக்கே இன்னும் தெளிவாகவில்லை என்று பொருள். அதைச் சரிசெய்ய இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

இரண்டாம் தாள், மணிக்கணக்கு. மேலே ஆட்களின் பெயர், இடப்பக்கம் மணி. கொலை நடந்த இரவுக்கு அரை மணிக்கு ஒரு வரி, மற்ற நாள்களுக்கு ஒரு வேளைக்கு ஒரு வரி. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஆள் உண்மையில் எங்கே இருந்தார் என்பதைக் கறுப்பு மையில் எழுதுங்கள். விசாரணையில் அவர் சொன்னதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். கறுப்பும் சிவப்பும் மோதும் இடங்கள்தான் உங்கள் கதை.

மூன்றாம் தாள், தடயப் பட்டியல். ஐந்தில் இதுதான் உயிர்நாடி, இதற்கு எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும். ஒவ்வொரு தடயத்துக்கும் ஐந்து குறிப்பு வேண்டும்: என்ன பொருள், எந்த அத்தியாயத்தில் முதலில் தெரிகிறது, வாசகர் கவனிக்காமல் இருக்க எதன் பின்னால் மறைத்திருக்கிறீர்கள், இரண்டாம் முறை எங்கே வருகிறது, எந்த அத்தியாயத்தில் விளக்கம். நம் கணக்குப்பிள்ளைக்கு இப்படி இருக்கும்: வியாழக்கிழமையோடு காலாவதியான ரயில் சீசன் டிக்கெட், 4ஆம் அத்தியாயத்தில் பர்ஸ் கீழே விழும்போது தெரிகிறது, அதே வரியில் பர்ஸிலிருந்து மகளின் போட்டோவும் விழுகிறது, எல்லோர் கண்ணும் போட்டோ மேல், 9ஆம் அத்தியாயத்தில் "எனக்குக் கவுன்ட்டர் பக்கமே போற வேலை இல்ல சார், சீசன் இருக்கு" என்று அவரே சொல்கிறார், 22இல் விளக்கம். இந்த ஒரு வரி நோட்டில் இல்லாவிட்டால், மூன்று மாதம் கழித்து 4ஆம் அத்தியாயத்தைத் திருத்தும்போது 'பர்ஸ் விழும் காட்சி தேவையில்லை' என்று நீங்களே வெட்டிவிடுவீர்கள். 22ஆம் அத்தியாயம் அந்தரத்தில் தொங்கும்.

முக்கியமான முடிவு ஒவ்வொன்றுக்கும் உண்மையான தடயம் குறைந்தது மூன்று இருக்கட்டும். விளக்கம் வருவதற்குள் ஒவ்வொன்றும் இரண்டு முறையாவது வாசகர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். இந்தக் கணக்கு குறைந்தால் வாசகர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார், அதில் நியாயமும் உண்டு.

நான்காம் தாளில், யாருக்கு எது எந்த அத்தியாயத்தில் தெரிய வருகிறது என்று எழுதுங்கள். ஐந்தாம் தாள் அடுத்து எழுத வேண்டிய மூன்று காட்சிகள்: ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி, யார், எங்கே, என்ன வெளிவருகிறது, எந்த வாக்கியத்தில் முடிகிறது. திரும்பி வரும்போது கதவைத் திறக்கும் சாவி இந்தக் கடைசித் தாள்தான்.

காலமும் ஊரும் சரிபார்க்க

இடைவெளி விட்டு எழுதும் நாவலில் சட்டப் பிரிவுகள்தான் அதிகம் தவறிப்போகும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. கொலைக்கு இப்போது பிரிவு 103. பழக்கத்தில் 302 என்று எழுதிவிட்டால், புதிய சட்டத்தில் அது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சுக்கான பிரிவு. முதல் தகவல் அறிக்கை பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154இலிருந்து, அதற்குப் பதில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173க்குப் போய்விட்டது. சந்தேக மரண விசாரணை 174இலிருந்து 194க்கு. குற்றம் ஜூலை 1க்கு முன் நடந்து, புகார் பிறகு வந்தால் குற்றத்துக்குப் பழைய பிரிவு, விசாரணை நடைமுறைக்குப் புதிய பிரிவு. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிரான சாட்சியமாக்க முடியாது என்பது மாறவில்லை. ஸ்டேஷனில் கொலைகாரன் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதோடு கதையை முடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மாவட்டமும் அப்படித்தான். பழைய வட ஆற்காடு 1989இல் பிரிந்து திருவண்ணாமலை தனியானது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. மேலே சொன்ன ஏலகிரிக் கொலை 2018இல் நடந்தால் எஸ்.பி. வேலூரில் இருப்பார், 2021இல் நடந்தால் திருப்பத்தூரில். நாவலின் முதல் பக்கத்திலேயே கதை நடக்கும் ஆண்டை உங்களுக்காகக் குறித்துவையுங்கள்.

இறந்த நேரக் கணிப்பில் குளிர்நாட்டுப் புத்தகக் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம். கத்திரி வெயிலில் வேலூர்ப் பக்கம் 40 டிகிரியைத் தாண்டும். உடல் விறைப்பு சீக்கிரம் வந்து சீக்கிரம் விலகும், அழுகலும் முந்திக்கொள்ளும். உடல் குளிர்ந்திருப்பதை வைத்து நேரம் சொல்வது அந்த வெயிலில் எடுபடாது, சுற்றியுள்ள காற்றே உடம்பின் சூட்டுக்கு மேல் இருக்கலாம். அதே நாளில் ஏலகிரி மேலே சூடு குறைவு என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கதை நடப்பது நீங்கள் விட்டுப்போகும் ஊர் என்றால், கிளம்பும் முன் ஒரு நாள் முழுவதும் அதற்காக நடங்கள். வேலூர் என்றால், பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டை வாசலுக்கு நடக்க எத்தனை நிமிடம், அகழி ஓரம் எந்த இடத்தில் விளக்கு இல்லை, எந்த டீக்கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது, எந்த முக்கில் கேமரா இருக்கிறது. பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை பாருங்கள். போட்டோவோடு மணியையும் எழுதிவையுங்கள். 'அந்த நேரத்தில் நான் வேறு இடத்தில் இருந்தேன்' என்னும் அலிபி கதைக்கு நிமிடக் கணக்குதான் மூலதனம். ஊர் மாறிய பிறகு ஒரு நிமிடத்தைச் சரிபார்க்க ஒரு நாள் பயணம் போக வேண்டியிருக்கும்.

கோப்புகள்

ஆபீஸ் கம்ப்யூட்டரில் நாவல் ஒரு வரிகூட இருக்கக் கூடாது. கடைசி நாளில் லேப்டாப்பை வாங்கிக்கொள்வார்கள். சில இடங்களில் ராஜினாமா கொடுத்த அன்றே பென் டிரைவும் மெயிலும் அடைபட்டுவிடும். பதிப்பாளருடன் ஆபீஸ் மெயிலில் பேசியிருந்தால், சொந்த முகவரிக்கு இப்போதே மாறுங்கள். பழைய அத்தியாயங்கள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாகத் தெரியும். மாற்றிய பிறகு ஒகர ஓகாரமும் ஔகாரமும் வரும் இடங்களைக் கண்ணால் ஒருமுறை பாருங்கள், மாற்றிகள் அங்கேதான் அடிக்கடி தவறும். பிரதிகள் மூன்று: லேப்டாப், பென் டிரைவ், இணையச் சேமிப்பு.

வேலை

ராஜினாமா தேதியை உணர்ச்சியில் முடிவு செய்யாமல் காலண்டரை வைத்து முடிவு செய்யுங்கள். நிரந்தர வேலையில், ஒரே கம்பெனியில் ஐந்து ஆண்டு முடிந்தால்தான் கிராஜுவிட்டி. நான்கரை ஆண்டில் இருப்பவர் கொஞ்சம் பொறுத்தால் அது ஒரு நாவலுக்கான வாடகைப் பணம். பி.எஃப். தொகையை எடுக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். ஐந்து ஆண்டுக்குள் எடுத்தால் வரி விழும். பழைய நிறுவனம் நீங்கள் விலகிய தேதியை பி.எஃப். தளத்தில் பதிந்ததா என்று பாருங்கள். அது பதியாமல் மாற்றம் நகராது. கடைசிச் சந்தா விழுந்து இரண்டு மாதம் கழிந்த பிறகு நீங்களே பதியவும் வழி இருக்கிறது.

ஆண்டின் நடுவில் மாறினால், பழைய சம்பள விவரத்தைப் புது நிறுவனத்திடம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் இருவரும் தனித்தனியே வரிவிலக்கு வரம்பைக் கழித்து வரி பிடிப்பார்கள். கணக்கு தாக்கல் செய்யும்போது மொத்தமாகக் கட்ட வேண்டிவரும். புத்தக ராயல்டியும் வருமானம்தான், அதையும் சேர்க்க வேண்டும். எழுத்தாளர் ராயல்டிக்கு 3 லட்சம் வரையிலான கழிவு பழைய வரிமுறையில் மட்டுமே உண்டு. எந்த முறை லாபம் என்று ராயல்டியையும் போட்டுப் பாருங்கள்.

கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு வேலையின் கடைசி நாளோடு முடியும். சொந்தப் பாலிசியில் விபத்து தவிர மற்றதற்கு முதல் 30 நாள் காத்திருப்பு இருக்கும். ஆகவே விலகுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் முன்பாகவே எடுத்துவிடுங்கள்.

புது வேலையின் நியமனக் கடிதத்தில் வெளிவேலை பற்றியும் படைப்புரிமை பற்றியும் உள்ள வரிகளைக் கையெழுத்துக்கு முன் படியுங்கள். 'பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே' என்று பொதுவாக இருந்தால், 'கதை, நாவல் நீங்கலாக' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள். அரசுப் பணி என்றால் நடத்தை விதிகளைப் படித்து, தேவைப்படும் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. பழைய வீட்டு அட்வான்ஸ் சாவி கொடுத்த பிறகுதான் வரும், அதிலும் பெயின்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பது வழக்கம். புது வீட்டுக்கு அட்வான்ஸும் முதல் மாத வாடகையும் முன்பே போக வேண்டும். பழைய கம்பெனியின் கணக்கு முடிக்க ஒரு மாதம், ஒன்றரை மாதம்கூட ஆகலாம். புதுச் சம்பளம், மாத நடுவில் சேர்ந்தால் அடுத்த மாதக் கடைசியில்கூட வரலாம். இந்த நான்கும் ஒரே மாதத்தில் விழுந்தால் எழுத உட்காரவே மனம் வராது. நான்கு மாத வீட்டுச் செலவு கையில் இல்லாமல் இரண்டு மாற்றத்தையும் சேர்த்துச் செய்யாதீர்கள். வீடு மாறும் நாளுக்கும் வேலையில் சேரும் நாளுக்கும் இடையில் குறைந்தது மூன்று வாரம் விடுங்கள்.

காட்பாடியிலிருந்து சென்னைக்குத் தினமும் போய்வரும் வேலை என்றால், சுமார் 130 கிலோமீட்டர், சீசன் டிக்கெட் கிடைக்கும் தூரம்தான். ஆனால் சீசன் டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் முன்பதிவில்லாத பெட்டிதான். உட்கார இடம் உறுதியில்லை. 'ரயிலில் எழுதிக்கொள்ளலாம்' என்று அத்தியாயக் கணக்குப் போடுவது ஏமாற்றத்தில் முடியும். நின்றுகொண்டே செய்யக்கூடியதை ரயிலுக்கு ஒதுக்குங்கள்: அச்சிட்ட பக்கத்தை நான்காக மடித்துப் பென்சிலால் திருத்துவது, உரையாடலைப் போனில் தணிந்த குரலில் பதிவது.

வீடு

எழுதுகிறவர் வீடு பார்க்கும்போது கேட்க வேண்டியது இரண்டு: வெயில், தண்ணீர். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டை மாலை நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள். காலையில் காட்டினால் சூடு தெரியாது. மேற்குச் சுவரில் கையை வையுங்கள். அந்தச் சுவர் ஓரம் மேசை போட்டால் ஏப்ரல், மே மாதங்களில் இரவு பத்து மணி வரை அனல் அடிக்கும். தண்ணீரில், மாநகராட்சிக் குழாய் எத்தனை நாளுக்கு ஒருமுறை, போர் தண்ணீர் உப்பா, லாரி வாங்குகிறார்களா என்று வீட்டுக்காரரைவிடப் பக்கத்து வீட்டில் கேளுங்கள். ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் நிலத்தடி நீர் கெட்டுப்போன இடங்கள் உண்டு. வாயில் வைத்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள். அந்த மாதங்களில் பார்த்துப் பேசி வைத்தால் நிதானமாகத் தேர்வு செய்யலாம், வாடகையிலும் பேச இடம் இருக்கும். ஆவணியிலோ தையிலோ பால் காய்ச்சலாம். காட்பாடிப் பக்கம் கல்லூரி திறக்கும் சமயத்தைத் தவிருங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது.

புத்தகங்களைப் பெரிய டி.வி. பெட்டியில் அடைப்பது எல்லோரும் செய்யும் பிழை. தூக்கும்போது அடி பிய்ந்துவிடும். 40க்கு 30க்கு 25 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டி முழுக்கப் புத்தகம் வைத்தாலே 18, 20 கிலோ வரும். முக்கால் பாகம் புத்தகம், மேலே துணி என்று வைத்து 15 கிலோவோடு நிறுத்துங்கள். வேலூர் ஆற்காடு சாலை மருந்துக் கடைகளில் கிடைக்கும் காலி அட்டைப்பெட்டிகள் இதற்கு அளவானவை, உறுதியானவை. அடியில் இரண்டங்குல டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சுற்று ஒட்டுங்கள். 40 பெட்டி என்றால் 600 கிலோ. குட்டி யானை தாங்குவதே சுமார் 750 கிலோ. அதனால் புத்தகத்துக்கு ஒரு நடை தனியாகப் பேசிவிடுங்கள். பீரோவோடு சேர்த்து ஏற்றினால் வண்டி மேட்டில் திணறும், சுமைகூலியும் தகராறாகும்.

ஐந்து தாள் நோட்டு, பென் டிரைவ், நடப்பு அத்தியாயத்தின் அச்சுப் பிரதி, பேனா, சார்ஜர் இவை ஒரு தோள்பையில் உங்களோடு பஸ்ஸிலோ காரிலோ வரட்டும். வண்டியில் ஏற்றவே கூடாது.

மாறும் வாரங்களில்

பத்திரிகைத் தொடர் ஓடிக்கொண்டிருந்தால், மாற்றத்துக்கு முன் ஆறு அத்தியாயமாவது ஆசிரியர் கையில் இருக்க வேண்டும். இரண்டுதான் இருக்கிறது என்றால் வீட்டைத் தள்ளிப்போடுங்கள். தொடரைத் தள்ளிப்போட்டால் வாசகர் போன வாரத் தடயத்தை மறந்துவிடுவார்.

தனி நாவல் என்றால், அந்த வாரங்களில் நாளுக்கு இருபது நிமிடம் போதும். அதில் புதிய தடயம் எதையும் நுழைக்காதீர்கள். அசதியில் வரும் யோசனை பெரும்பாலும் புதுச் சந்தேக ஆளாகவோ இன்னொரு பிணமாகவோ இருக்கும். அது ஏற்கெனவே போட்ட கணக்கைக் கலைத்துவிடும். இடத்தின் வர்ணனை, பாத்திரங்களின் பேச்சு, ஏற்கெனவே முடிவான காட்சி இவற்றை மட்டும் எழுதுங்கள். புது ஆபீஸில் கண்ணில் படும் ஆட்களையும் வழக்கங்களையும் குறித்து வையுங்கள், நடப்பு நாவலில் சேர்க்க வேண்டாம். அடுத்த நாவலுக்கு அது கிடைத்தற்கரிய சரக்கு.

புது வீட்டில் முதல் நாளே மேசையும் ஒரு விளக்கும் ஃபேனும் தயாராகட்டும், மற்ற பெட்டிகள் காத்திருக்கும். கோடையில் காலை ஐந்திலிருந்து ஏழு வரைதான் எழுத்துக்கு உகந்த நேரம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளைச் செய்தித்தாளில் முன்கூட்டியே போடுவார்கள். அன்று கையால் எழுதும் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்ப நுழைவது

முதல் வாரம் படிப்பது மட்டும். நோட்டின் ஐந்து தாள்களை முதலில் படித்து, பிறகு நாவலை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. இடைவெளிக்குப் பிறகு படிக்கும்போது கொலைகாரன் யார் என்பது அப்பட்டமாகத் தெரிவதுபோல் தோன்றும், ஏனென்றால் உங்களுக்கு விடை தெரியும். பயந்துபோய்த் தடயங்களை வெட்டுவார்கள், இன்னும் ஆழமாகப் புதைப்பார்கள். கடைசியில் யாராலும் கண்டுபிடிக்க முடியாத கதை மிஞ்சும். கதை தெரியாத மூன்று பேரிடம் பாதி வரை கொடுத்து, யார் மேல் சந்தேகம் என்று மட்டும் கேளுங்கள். மூன்று பேரில் ஒருவர் சரியாகச் சொன்னால் தடயம் அளவோடு இருக்கிறது. மூவரும் சொன்னால்தான் கை வைக்க வேண்டும்.

இரண்டாம் வாரம், கடைசியாக எழுதிய அத்தியாயத்தைக் கையால் மறுபடி நகலெடுங்கள். நடை திரும்ப விரலுக்கு வந்துவிடும். மூன்றாம் வாரம் ஐந்தாம் தாளின் முதல் காட்சி. பழைய வேகத்தில் பாதியை இலக்காக வையுங்கள். 500 சொல் எழுதியவர் 250.

இடையே முகவரி வேலைகளை முடித்துவிடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வங்கி, கேஸ் ஏஜென்சி. வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. எழுத்தாளர்கள் விட்டுவிடுவது பதிப்பாளரையும் பத்திரிகைகளையும்தான். ஆசிரியர் பிரதிகளும் ராயல்டி கணக்கும் வரிப் பிடித்தச் சான்றும் பழைய வீட்டுக்குப் போய், அங்கே புதிதாகக் குடிவந்தவர் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவார். புது முகவரியையும் மாறும் தேதியையும் எழுதி அவர்களுக்குச் சாமான் ஏற்றும் வாரத்துக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்; பழைய வீட்டுக்குரிய தபால்காரரிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.